குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா: சென்னை வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "மெட்ரோ வாட்டர் வருதா?" என்பது. வருகிறது என்ற பதில் கிடைத்ததும் பாதி மனம் அந்த வீட்டில் குடியேறிவிடுகிறது. ஆனால் சாமான்களை இறக்கிய மறுநாளே அதே குடும்பம் தெருமுனைக் கடையில் சொல்லிவைத்து, இருபது லிட்டர் கேன் வாங்கத் தொடங்கிவிடுகிறது. குழாயில் வருவது சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும். குடிப்பதற்கு மட்டும் கேன். இது யாரும் சோதித்துப் பார்த்து எடுத்த முடிவு அன்று. பக்கத்து வீட்டைப் பார்த்து நம் வீட்டுக்கும் வந்த வழக்கம். குழந்தைக்கும் முதியவர்களுக்கும் நாள்தோறும் கொடுக்கிற ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றியதால், இந்த இரண்டு தண்ணீரும் எப்படி நம்மிடம் வந்து சேர்கின்றன என்பதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

குடிநீரால் வரும் தீங்குகள் இரண்டு வகை. ஒன்று, கிருமிகளால் வருவது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவை இந்த வகை; இவற்றுக்கு ஒரே ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மற்றொன்று, கரைந்திருக்கும் வேதிப்பொருள்களால் வருவது. ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்றவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே எலும்பிலோ பல்லிலோ உள்ளுறுப்புகளிலோ தம்மைக் காட்டுகின்றன. இந்த இரண்டோடும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு, அது சுவை. நாம் பெரும்பாலும் தண்ணீரை அதைக்கொண்டுதான் எடை போடுகிறோம். ஆனால் இலேசாக உப்புக் கரிக்கிற தண்ணீர் தீங்கற்றதாகவும், தேனாக இனிக்கிற தண்ணீர் காமாலையைக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம். நாக்குக்கும் கண்ணுக்கும் கிருமி தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகளை ஐ.எஸ். 10500 என்ற ஆவணம் வகுத்திருக்கிறது. அதன்படி 100 மில்லி லிட்டர் தண்ணீரில் ஈ-கோலை என்ற பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. மனிதக் குடலிலும் விலங்குகளின் குடலிலும் வாழ்கிற இந்த பாக்டீரியா தண்ணீரில் தென்பட்டால், அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. இந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உப்பில் நான்கு மடங்குவரை விட்டுக்கொடுக்கும் அதே ஆவணம், கிருமியில் இம்மியளவும் விட்டுக்கொடுக்கவில்லை. எது அவசர ஆபத்து என்பது அதிலேயே இருக்கிறது.

சென்னைக் குழாயில் வரும் தண்ணீர் ஓரிடத்திலிருந்து வருவதன்று. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள், கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி, ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரை உப்பு நீக்கித் தரும் ஆலைகள் என்று பல ஊற்றுகள் சேர்ந்தே நகரத்தின் தாகத்தைத் தீர்க்கின்றன. மீஞ்சூர் ஆலை 2010-லும் நெம்மேலி ஆலை 2013-லும், தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு இயங்கத் தொடங்கின. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024-இல் சேர்ந்தது. இந்த ஆலைகள் கடல் நீரை ஆர்.ஓ. முறையில்தான், அதாவது மெல்லிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறையில்தான், சுத்திகரிக்கின்றன. 'ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும்' என்பதற்காகவே கேன் வாங்குகிற சில குடும்பங்களின் குழாயிலும் பெரிய அளவில் ஆர்.ஓ. செய்யப்பட்ட நீர் வந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏரி நீரைச் சுத்திகரிக்கும் முறை நம் பாட்டிமார்களுக்கு அந்நியமானதன்று. கலங்கலான ஆற்று நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்பதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் இருப்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த வேலையைப் படிகாரம் செய்கிறது: நீரில் மிதக்கும் நுண்துகள்களைத் திரட்டிப் பஞ்சுபோன்ற கட்டிகளாக்கிக் கீழே இறக்குகிறது. பிறகு நீர் மணற்படுகைகளின் வழியே இறங்கி வடிகட்டப்படுகிறது. தேற்றாங்கொட்டையோடு நின்றுவிட்ட நம் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. தெளிந்த நீரில் குளோரின் கலக்கிறார்கள். தெளிந்த நீர் வேறு, கிருமியற்ற நீர் வேறு என்பதை மனித இனம் மிகுந்த உயிர்ச்சேதத்துக்குப் பிறகே கற்றுக்கொண்டது. 1854-இல் இலண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் சுனோ என்ற மருத்துவர் இறப்புகளைத் தெரு வரைபடத்தில் குறித்துப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட கைப்பம்பின் தண்ணீரே காரணம் என்று காட்டினார். அந்தப் பம்பைச் சுற்றியிருந்தவர்கள் அதன் தண்ணீரை விரும்பிக் குடித்தவர்கள்.

குளோரினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழாய்த் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் இடையிலான முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கும் குளோரின் அங்கேயே இருக்கும் கிருமிகளைக் கொல்வதோடு நின்றுவிடுவதில்லை. வேலை முடிந்த பிறகும் அதில் ஒரு பகுதி நீரில் எஞ்சி நின்று, குழாயில் பயணம் செய்யும்போது புதிதாக நுழையும் கிருமிகளையும் எதிர்கொள்கிறது. இதை எஞ்சிய குளோரின் என்பார்கள். வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது குழாய்த் தண்ணீர் தன்னுடன் ஒரு காவலாளியை அழைத்துக்கொண்டு வருகிறது. 'மருந்து வாடை அடிக்கிறது' என்று நாம் முகம் சுளிப்பது அந்தக் காவலாளியின் வாடையைத்தான். மூடிய பாத்திரத்தில் அல்லாமல், மெல்லிய துணி கட்டிய பானையில் சில மணி நேரம் வைத்தால் அந்த வாடை போய்விடும். வாடையோடு காவலும் போய்விடும் என்பதால், அதன் பிறகு அந்தத் தண்ணீரை மூடிவைத்து அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

அப்படியானால் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்றால், சென்னையைப் பொறுத்தவரை நான் தயங்குவேன். குறை சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பதாக நான் கருதவில்லை; கடைசி ஒரு மைலில் இருக்கிறது. நம் ஊரில் குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. சில தெருக்களில் காலையில் சில மணி நேரம், சில தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர் ஓடும்போது குழாயின் உள்ளழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம். விரிசல் இருந்தால் நல்ல நீர் வெளியே கசியும், அவ்வளவுதான். தண்ணீர் நின்றதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அப்போது அதே விரிசல் வழியாக வெளியே தேங்கி நிற்கும் நீர் உள்ளே வருகிறது. தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே போகிற இடங்களில் வெளியே தேங்கி நிற்பது எந்த நீர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குச் சிலர் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். தனக்கு இரண்டு குடம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் செய்கிற இந்தச் செயல், தெரு முழுவதற்குமான குழாயில் அழுத்தத்தைக் குறைத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் சாக்கடையை இழுத்துவிடுகிறது. இது தண்ணீர்த் திருட்டு என்பதற்கும் மேலான குற்றம் என்பது என் எண்ணம்.

ஒடிசாவின் பூரி நகரம் இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2021 ஜூலையில் அங்கே நாள் முழுவதும் தடையில்லாமல் குழாய்நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. குழாயில் பிடித்து நேரடியாகக் குடிக்கலாம் என்று அரசே அறிவித்தது. சுத்திகரிப்போடு, குழாயில் அழுத்தம் ஒருபோதும் விழாமல் பார்த்துக்கொள்வதும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

தெருக்குழாயைத் தாண்டியதும் தண்ணீர் நம் பொறுப்பில் வருகிறது. அங்கே நடப்பதை நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வாசலில் பூமிக்கு அடியில் ஒரு சம்ப். அதிலிருந்து மோட்டார் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து சமையலறைக் குழாய். எங்கள் குடியிருப்பில் இந்தப் பாதையைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். நீச்சல் குளங்களுக்காக விற்கிற குளோரின் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து, ஐந்து சொட்டு மருந்து விட்டு மூடிக் குலுக்கினால், குளோரின் இருக்கும் அளவுக்கு ஏற்ப மஞ்சள் நிறம் ஏறும். காலை ஆறு மணிக்கு, தெருக்குழாயோடு நேராக இணைந்த வாசல் அடிபம்பில் பிடித்த தண்ணீர் சாமந்திப்பூ நிறத்துக்கு மாறியது. அதே நாள், அதே தண்ணீர், சம்பையும் மாடித்தொட்டியையும் கடந்து சமையலறைக் குழாயில் வந்தபோது, எத்தனை முறை குலுக்கியும் நிறமே ஏறவில்லை. காவலாளி வழியிலேயே விழுந்துவிட்டார். (சோதித்த தண்ணீரை வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சம்பைத் திறந்தோம். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கருஞ்சேறு படிந்திருந்தது. இரும்பு மூடியின் ஒரு மூலை துருப்பிடித்து உதிர்ந்து, மழைநீர் உள்ளே இறங்கும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. மூன்றடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டியின் மூடி. எட்டுக் குடும்பங்கள் இருக்கிற அந்தக் கட்டடத்தில், அந்தச் சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லை. குளோரின் அழுக்கோடு போராடித் தீர்ந்துபோகும் பொருள். சேறும் பாசியும் நிறைந்த தொட்டியில் விழுந்தால் சில மணி நேரத்தில் அது செலவாகிவிடும். நகரம் செய்து அனுப்பிய வேலையை நம் வாசலில் நாமே அழித்துக்கொண்டிருந்தோம்.

இனி கேனைப் பார்ப்போம். முதலில் ஒரு சொல் திருத்தம். நாம் கடையில் 'மினரல் வாட்டர்' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் மினரல் வாட்டர் அன்று. இயற்கை ஊற்றிலிருந்து அதன் தாது உப்புகள் மாறாமல் அடைக்கப்படுவதே இயற்கை மினரல் வாட்டர், அதற்கு ஐ.எஸ். 13428 என்ற தனித் தரம் இருக்கிறது. நம் கைக்கு வருகிற கேனும் பெரும்பான்மையான பாட்டில்களும் 'அடைக்கப்பட்ட குடிநீர்' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கான தரம் ஐ.எஸ். 14543. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை எடுத்து, வடிகட்டி, ஆர்.ஓ. செய்து, புறஊதாக் கதிராலோ ஓசோனாலோ கிருமி நீக்கி அடைக்கிறார்கள். இந்த வேலை ஒழுங்காக நடந்தால் ஆலை வாசலைத் தாண்டும்போது அந்தத் தண்ணீர் மிகவும் நல்ல தண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதற்குக் காவல் இல்லை. புறஊதாக் கதிர் அந்த நொடியில் இருக்கும் கிருமிகளைக் கொல்லும். எஞ்சி நிற்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஓசோனும் சிறிது நேரத்தில் சிதைந்து மறைந்துவிடும். அதன் பிறகு ஒரு கிருமி உள்ளே போனால் அதை எதிர்க்க எதுவும் இல்லை. ஆகவே கேன் தண்ணீரின் தரம் முழுவதும் கேனையும் மூடியையும் நம் வீட்டுப் பழக்கத்தையும் சார்ந்து நிற்கிறது. அந்தக் கேன் நமக்கு முன் எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்தது. உட்புறத்தில் விழுந்திருக்கும் நுண்கீறல்களில் கிருமிகள் படலமாகப் படிந்து கொள்ளும்; அவசரமாக அலசினால் அது போகாது. கடை வாசலில் வெயிலில் நாள் முழுதும் அடுக்கி வைத்த கேனில் இளம்பச்சை படர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பாசி. வீட்டுக்கு வந்த பிறகு, மூடியைப் பிய்த்து, கேனைக் கவிழ்த்துக் குழாய் வைத்த பானையின் மேல் நிறுத்துகிறோம். கழுத்தைத் தாங்கிய கை எங்கெல்லாம் இருந்ததோ அதெல்லாம் தண்ணீரோடு சேர்கிறது. அந்தப் பானையை மாதத்துக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுகிற வீடுகள் மிகக் குறைவு. கேனில் பொருத்தும் கைப்பம்பின் உட்குழாயை ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பை விரலால் உணர முடியும்.

கேன் வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மூடியின் மேல் உறை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். தண்ணீர் அடைத்த தேதி தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும்; அழிந்தோ தேய்ந்தோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். மூன்றாவது, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். நீண்ட காலமாக இவற்றோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்த ஆணையம் தன் விதிகளிலிருந்து அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அடுத்த மாத இறுதியிலேயே, அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகைகளின் பட்டியலில் சேர்த்து ஆய்வுகளை இறுக்கியது. முத்திரையுள்ள கேன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்பது தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே விற்கும் மூன்று நிறுவனங்களின் பாட்டில் தண்ணீரை ஆராய்ந்து 2024 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையில், ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்ததாகவும், அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவில் இருந்ததாகவும் கண்டறிந்தார்கள். இவை உடலில் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. பாட்டிலில் அடைத்தது என்பதாலேயே ஒரு தண்ணீர் தூய்மையாகிவிடாது என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் ஆர்.ஓ. கருவி வாங்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. விற்க வருகிறவர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரில் 300 என்றும், தம் கருவியின் தண்ணீரில் 40 என்றும் காட்டுவார். அந்த மீட்டர் உப்பை மட்டுமே அளக்கிறது. சாக்கடை கலந்த தண்ணீருக்கும் கலக்காத தண்ணீருக்கும் அது ஒரே எண்ணைக்கூடக் காட்டலாம். 500-க்குக் கீழே உப்புள்ள நீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அத்தகைய இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் கூறியது. நமக்குத் தருவதைவிட அதிகமான தண்ணீரை வீட்டுக் கருவி சாக்கடைக்கு அனுப்புகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். மெட்ரோ வாட்டர் வருகிற வீட்டுக்கு அதைவிட எளிய வழி கொதிக்கவைப்பது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமிகள் சாகும். 'சூடு வந்துவிட்டது' என்று இறக்கினால் பயனில்லை. கொதித்த பிறகு அடியில் வெண்மையாகப் படிவது சுண்ணாம்பு உப்பு. அதற்காக அஞ்ச வேண்டாம்.

கொதிக்கவைப்பதால் தீராதவையும் உண்டு, அதனால் ஆழ்குழாய்க் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நான் வேறு கணக்கில் வைக்கிறேன். உப்பும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கொதியில் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் பழுப்புக் கறை படிந்த ஒரு தலைமுறையே வளர்ந்தது. காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த மக்களுக்காகத்தான் வந்தது. சென்னையிலும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, குழாயில் வந்ததும் லாரியில் வந்ததும் எங்கெங்கோ எடுத்த நீர். அத்தகைய காலங்களில், உரிமமுள்ள ஆலையின் கேனையே நானும் குடிக்கச் சொல்வேன். போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கிற வீடுகள், ஆண்டுக்கு ஒருமுறையாவது கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலோ தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ மாதிரி கொடுத்துப் பார்ப்பது நல்லது. உப்பும் ஃபுளோரைடும் அங்கே எல்லை மீறினால் அப்போது ஆர்.ஓ. கருவிக்குப் பொருள் உண்டு.

எங்கள் குடியிருப்பில் சம்பைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலசி விட்டு, மூடியை மாற்றி, விளிம்பைச் சிமெண்டால் உயர்த்தினோம். எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஆன செலவு, ஒரு வீட்டுக்கு இரண்டு மாதக் கேன் பணத்துக்கும் குறைவு. பத்து நாள் கழித்துச் சமையலறைக் குழாயில் மறுபடி சோதித்தேன். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர்போல் மெல்லிய மஞ்சள் ஏறியது. இருந்தாலும் குடிப்பதற்கு நாங்கள் சமையலறைக் குழாயில் பிடிப்பதில்லை. காலையில் தண்ணீர் திறந்துவிட்டதும் முதல் இரண்டு வாளியைச் செடிக்கும் வாசல் தெளிக்கவும் எடுத்துவிட்டு, சம்பில் விழுவதற்கு முன்பே அடிபம்பில் ஒரு குடம் அடித்து, கொதிக்கவைத்து, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறோம். அதில் ஒரு குழாய் இருக்கிறது. தம்ளரை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது என்று சின்னவளுக்குச் சொல்லியிருக்கிறோம்.